வெம்மைக்குப் பழகுதல்: உடலும் பண்பாடும்

"நம் மக்கள் வெயிலுக்குப் பழகியவர்கள்" என்னும் கூற்றை அடிக்கடி கேட்கிறோம். வெயிலில் உழைப்போரின் துன்பத்தைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் அப்பேச்சை முடித்து வைக்க இக்கூற்றே உதவுகிறது. இதில் உண்மை எவ்வளவு, மிகை எவ்வளவு என்பதை ஆராய்வது இன்று ஒரு தேவையாகியுள்ளது. அதற்கு ஏற்ற களமாக ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியை எடுத்துக்கொள்வோம்.

காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த இந்நிலப்பகுதியில் மனித வாழ்வு மிகத் தொன்மையானது. ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் 2022ஆம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது கற்காலக் கருவிகள் கிடைத்தன. பிற்காலத்தில் இது ஏரிப்பாசன வேளாண்மையின் நாடாயிற்று. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது; 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிஸ்ஸான் ஆலை எழுந்தது; டைம்லர், ராயல் என்ஃபீல்டு ஆகியவை பின்தொடர்ந்தன. இன்று தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும், பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்தும் வந்த இளைஞர்கள் இங்கே உழைக்கின்றனர். ஏரிக்கரையில் உழுதவர் மீது காய்ந்த அதே வெயில்தான் இவர்கள் மீதும் காய்கிறது. ஆனால் அவ்வெயிலோடு மனிதனுக்கு இருந்த உறவு மாறிவிட்டது.

முதலில் உடலைக் காண்போம். உழைக்கும் தசைகள் வெப்பத்தை உண்டாக்குகின்றன. உடலின் உள்வெப்பமோ 37 பாகை செல்சியஸை ஒட்டியே இருந்தாக வேண்டும். மிகுதி வெப்பத்தை இரத்தம் தோலுக்குக் கொண்டுவருகிறது. வியர்வை ஆவியாகி அதனை அகற்றுகிறது. மனிதத் தோலில் 20 முதல் 40 இலட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் வெளியேறும். உரோமம் குறைந்த தோலும் இத்தனை சுரப்பிகளும் மனிதனுக்கு வாய்த்த தனிப்பேறுகள்.

வெப்பத்தில் புதிதாக உழைக்கத் தொடங்குபவனின் உடல் 7 முதல் 14 நாட்களில் தன்னை மாற்றிக்கொள்கிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது; இதயத் துடிப்பு நிதானப்படுகிறது; வியர்வை விரைவாகவும் மிகுதியாகவும் சுரக்கிறது; அதில் வெளியேறும் உப்பு குறைகிறது. இதுவே உண்மையான பழக்கம். ஆனால் இது நிலையான சொத்தன்று. சில வாரங்கள் வெப்பத்தை விட்டு நீங்கியிருந்தால் பெரும்பகுதி கரைந்துவிடும். குளிர்ந்த ஊரில் ஒரு மாத விடுப்பைக் கழித்துத் திரும்பும் தொழிலாளி, வெப்பத்தைப் பொறுத்தவரை மீண்டும் புதியவனே.

இவ்வகைப் பழக்கத்தையும், தலைமுறைகள் பலவற்றில் அமையும் உடல் வேறுபாட்டையும் நாம் குழப்பிக்கொள்ளலாகாது. 1377இல் முகத்திமாவை எழுதிய அறிஞர் இப்னு கல்தூன், கருநிற மக்கள் ஒரு சாபத்தின் விளைவாகக் கறுத்தனர் என்னும் கதையை மறுத்து, தட்பவெப்பமே காரணம் என்றார். மூடக் கதையை நீக்கி இயற்கைக் காரணத்தைத் தேடிய அப்பார்வை போற்றத்தக்கது. தோல் நிறத்தை வகுப்பதில் வெப்பத்தைவிடச் சூரியனின் புற ஊதாக் கதிர்களுக்கே முதன்மைப் பங்கு என்பது இன்றைய அறிவியலின் முடிவு. எனவே கருத்த மேனி கொண்டவனை வெப்பம் தாக்காது என்று எண்ணுவதற்கு அடிப்படையில்லை.

உடலின் பழக்கத்திற்கு எல்லையும் உண்டு. வியர்வை வழிந்தால் போதாது, அது ஆவியாக வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்தால் ஆவியாதல் தடைப்படும். வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் ஒருங்கே காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலை 35 பாகையை எட்டினால் நிழலில் வாளாவிருப்பவராலும் நெடுநேரம் தாங்க இயலாது என 2010இல் அறிஞர்கள் கணித்தனர். 2022இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வோ, நலமுள்ள இளைஞர்களுக்கே ஈரமான சூழலில் அவ்வெல்லை 31 பாகையை ஒட்டி அமைவதைக் கண்டது. ஒரகடம் கடலுக்குத் தொலைவில் இல்லை. கடற்காற்றின் ஈரமும் கத்திரி வெயிலும் கூடும் நாட்களில் வெப்பமானி காட்டும் எண்ணைவிட உடல் படும் பாடு பெரிது. மேலும், பழகிய உடல் மிகுதியாக வியர்ப்பதால் அதற்கு நீர் கூடுதலாகவே தேவைப்படும். பழகியவனுக்குக் குறைந்த நீர் போதும் என்பது பிழையான கருத்து.

உடலால் இயலாததை மனிதன் பண்பாட்டால் ஈடுசெய்தான். பனையோலைக் கூரை, திண்ணை, முற்றம், மெல்லிய பருத்தி உடை, நீர்மோர், பழைய சோறு ஆகியவை தமிழ் மண்ணின் ஏற்பாடுகள். பாலைவன பதாவீக்கள் கறுப்பு அங்கி அணிவது ஏன் என ஆராய்ந்து 1980இல் ஒரு கட்டுரை வெளியாயிற்று. தளர்ந்த அங்கிக்குள் காற்று ஓடி வெப்பத்தை அகற்றிவிடுவதால் கறுப்பு, வெள்ளை இரண்டிலும் உடலை அடையும் வெப்பம் ஒன்றே என அது காட்டியது. வெப்பத்தினின்று காக்கும் ஆடைகளையும் நிழலையும் இறைவனின் அருட்கொடைகளாகத் திருக்குர்ஆனின் நஹ்ல் அத்தியாயம் எடுத்துரைப்பதை நாம் அறிவோம்.

இவை யாவினும் பெரிய ஏற்பாடு நேரத்தைப் பற்றியது. உழவர் விடியுமுன் ஏர் பூட்டி, உச்சி வெயிலில் மரநிழலில் ஒதுங்கி, வெயில் தாழ்ந்தபின் மீண்டும் இறங்கினர். அரபு நாட்டின் கைலூலா என்னும் நண்பகல் ஓய்வும் இதே அறிவின் விளைவே. வெப்பம் கடுமையாகும்போது லுஹர் தொழுகையைச் சற்றுத் தாழ்த்தித் தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததை புகாரி, முஸ்லிம் நூல்களில் காண்கிறோம். ஒரு பயணத்தின்போது மணல்மேடுகளின் நிழல் தென்படும்வரை அத்தொழுகை தாழ்த்தப்பட்டதாகவும் அறிவிப்பு உண்டு. தலையாய கடமையிலேயே வெயிலைக் கருதிச் சலுகை தரப்பட்டிருக்கிறது என்பது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது.

ஆலை வாழ்க்கை பறித்துக்கொண்டது இந்த நேர உரிமையைத்தான். ஷிப்டு மணி வெயிலைப் பார்த்து ஒலிப்பதில்லை. மின்னணுப் பொருள்களைப் பொருத்தும் கூடங்கள் பல குளிரூட்டப்பட்டவை. ஆனால் வார்ப்படம், வெல்டிங், வண்ண உலை ஆகிய இடங்களிலும், கட்டடப் பணியிலும், சரக்கு ஏற்றுமிடத்திலும், வாயிற்காவலிலும் இருப்போர் நிலை வேறு. கனத்த சீருடைக்குள் காற்று ஓடுவதில்லை. கழிப்பறை வசதிக் குறைவால் பெண்கள் நீர் அருந்துவதையே குறைத்துக்கொள்வதைத் தமிழகப் பணியிடங்களை ஆய்ந்தோர் பதிவு செய்துள்ளனர். உப்பளத் தொழிலாளரின் சிறுநீரகப் பாதிப்பை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் வெளிக்கொணர்ந்துள்ளனர். பகலெல்லாம் வெந்த உடல் இரவில் ஆறியாக வேண்டும். தகரக் கூரை அறைகளில் அதுவும் வாய்ப்பதில்லை. வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி 2024இல் திறக்கப்பட்டது நல்ல தொடக்கம். எனினும் தாமே அறை தேடித் தங்குவோர் இன்னும் மிகப் பலர்.

பிற நாடுகள் இதற்கு வழி கண்டுள்ளன. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் 1930களிலேயே புதிய தொழிலாளரைப் படிப்படியாக வெப்பத்திற்குப் பழக்கினர். அமெரிக்கத் தொழில் நலவாழ்வு நிறுவனம், புதியவருக்கு முதல் நாள் 20 விழுக்காட்டு நேரமே வெப்பத்தில் பணி தந்து, நாள்தோறும் 20 விழுக்காடு கூட்டுமாறு பரிந்துரைக்கிறது. நம் உறவினர் பலர் உழைக்கும் வளைகுடா நாடுகளில் கோடைகால நண்பகல் வேலைத் தடை உண்டு. கத்தாரில் 2021 முதல் அத்தடை ஜூன் 1 தொடங்கி செப்டம்பர் 15 வரை, காலை 10 மணியிலிருந்து மாலை 3.30 மணிவரை என விரிவாக்கப்பட்டது. தமிழக அரசும் 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. ஆயினும் இறந்தவர் குடும்பத்திற்குத் தரும் நிதியைக் காட்டிலும், இறவாமல் காக்கும் ஏற்பாடு சிறந்ததன்றோ?

அவ்வேற்பாடு அரியதுமன்று. குளிர்ந்த குடிநீர், நிழலில் ஓய்வு, தூய கழிப்பறை, காற்றோடும் உடை, புதியவருக்கும் விடுப்பிலிருந்து திரும்பியவருக்கும் இரு வாரத் தளர்வு, கத்திரி நாட்களில் கடும் வேலையை விடியற்காலைக்கு மாற்றுதல் ஆகியவை போதும். தம் பொறுப்பில் பணிபுரிவோர் மீது இயலாத சுமையை ஏற்றலாகாது, ஏற்றினால் தாமும் துணை நிற்க வேண்டும் என்பது நபிமொழி கற்பிக்கும் நெறி. தொழில் நடத்துவோரும் மேற்பார்வையாளரும் ஒப்பந்தம் எடுப்போரும் நம் வாசகரிடையே உள்ளனர். "அவர்கள் பழகியவர்கள்" என்று கூறுமுன், பழகுவதற்கான நாட்களையும் நீரையும் நிழலையும் நாம் கொடுத்தோமா என்று அவர்கள் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.