பெயரும் எல்லையும்: வணிகக் கட்டளைமொழியில் உள்ளக மாறிகள்

'தம்பி' என்னும் சொல் வீடுதோறும் வழங்குகின்றது. ஆயினும் வீட்டுக்கு வீடு அது வெவ்வேறு பிள்ளையையே குறிக்கும். பெயர் ஒன்று, பொருள் பல. கணினிக்கு எழுதப்படும் கட்டளைமொழிகளிலும் இவ்வியல்பு உண்டு. பங்குச் சந்தை விலைகளை ஆராய்வோர் ட்ரேடிங்வியூ என்னும் தளத்திற் கையாளும் பைன் ஸ்கிரிப்ட் மொழியைக் கொண்டு இதனை விளக்குவாம்.

ஒரு பெறுமானத்தைத் தாங்கும் பெயர் 'மாறி' எனப்படும். அதனை முதன்முதல் ஏற்படுத்துதல் 'அறிவித்தல்' ஆகும். அறிவித்தற்கு = என்னும் குறியும், முன்னரே அறிவித்த மாறியின் பெறுமானத்தை மாற்றுதற்கு := என்னும் குறியும் உரியன. ஒரு நிபந்தனையின் கீழ், வரித்தொடக்கத்தில் நான்கு இடைவெளி விட்டு எழுதும் பகுதி ஒரு தனிவீடு போன்றது. அதனுள் அறிவிக்கப்படுவதே உள்ளக மாறி. வெளியே நின்று அப்பெயரை அழைப்பின், அறிவிக்கப்படாத பெயரெனக் கணினி மறுத்துவிடும்.

இவ்வரையறையால் நன்மை பெரிது. உச்ச விலை 110, தாழ்ந்த விலை 104 எனின், நடுவிலை 107. ஒரு கணிப்புக்கு மாத்திரம் வேண்டிய இத்தகைய பெறுமானத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளலாம். பிறிதோரிடத்தில் அதே பெயர் வரினும் மயக்கம் நேராது.

இனி, இடர் விளையுமிடத்தை நோக்குவாம். மூன்று முறை நட்டமடைந்தபின் மேலும் வாங்கலாகாது என ஒருவர் விதி வகுக்கின்றார். வெளியே 'தோல்வி' என்னும் மாறியை 0 என அறிவிக்கின்றார். நட்டம் நேர்ந்தால் ஒன்று கூட்டுக என்று நிபந்தனையின் கீழ் எழுதுங்கால், := இடவேண்டிய இடத்தில் = இட்டுவிடுகின்றார். அந்தோ! அங்கே அதே பெயருடைய புதிய உள்ளக மாறி பிறந்து, 1 என்னும் பெறுமானம் பெற்று, அப்பகுதி முடிந்ததும் மறைந்துபோகின்றது. வெளியேயுள்ள 'தோல்வி' 0 ஆகவே நிற்கும். நான்காம் நட்டத்தின் பின்னும் வாங்குங் குறி எழும். காவல் இருப்பதாக நம்பியவர் கைப்பொருள் கரையும். கணினி எச்சரிக்கை ஒன்று காட்டுமேயன்றித் தடைசெய்யாது.

மற்றொன்றும் அறியற்பாலது. இம்மொழியில் எழுதிய கட்டளைத் தொகுதி, வரைபடத்திலுள்ள ஒவ்வொரு விலைப்பட்டைக்கும் ஒருமுறை இயங்கும்; பட்டைகள் 250 எனின் 250 முறை. வாளா அறிவித்த மாறி ஒவ்வொரு முறையும் 0 இலிருந்தே தொடங்கும். ஒருமுறை மாத்திரம் தொடங்கித் தன் பெறுமானத்தைக் காத்துவரல் வேண்டின், 'வார்' என்னுஞ் சொல்லை முன்னிட்டு அறிவித்தல் வேண்டும். 2019 இல் வெளிவந்த நான்காம் பதிப்பிலே இச்சொல் சேர்க்கப்பட்டது.

ஆகவே, மாறியொன்றை எழுதுமுன் மூன்றினை ஆராய்க: அது எவ்வெல்லைக்குள் வேண்டப்படுகின்றது? நாம் செய்வது அறிவித்தலா, மாற்றுதலா? அடுத்த பட்டையிலும் அதன் பெறுமானம் நிலைத்தல் வேண்டுமா? இம்மூன்றும் தெளிந்தபின் எழுதுவோர், தாம் வகுத்த விதி தம்மைக் காக்குமென நம்பலாம்.