150 ஏஎச்: எத்தனை மணி நேரக் கணக்கு?

இன்வெர்ட்டர் கடையில் 150 ஏஎச் என்று அச்சிட்ட இரண்டு பேட்டரிகள். ஒன்றில் சி20, மற்றொன்றில் சி10 என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கும். எண் ஒன்றுதானே என்று விலை குறைந்ததை வாங்கிவிடுவது எளிது. வித்தியாசமே அந்தச் சிறிய எழுத்தில்தான் இருக்கிறது.

ஏஎச் என்பது ஆம்பியர்-மணி. ஒரு ஆம்பியர் மின்னோட்டத்தை ஒரு மணி நேரம் தந்தால் 1 ஏஎச். சி20 என்றால் 7.5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் மெதுவாக இறக்கி அளந்தது. சி10 பேட்டரி 15 ஆம்பியர் வீதம் 10 மணி நேரம் தாங்கியது. அதையே 20 மணி நேரத்தில் இறக்கினால் 150-ஐத் தாண்டும்.

ஏன்? ஈய-அமில பேட்டரியில் கந்தக அமிலம் தகடுகளின் நுண்துளைகளுக்குள் ஊடுருவினால்தான் வேதிவினை தொடரும். கரண்டை வேகமாக இழுக்கும்போது, புது அமிலம் உள்ளே போய்ச் சேருவதற்குள் ஈய சல்பேட் படிந்து துளைகளின் வாயை அடைக்கிறது. மின்னழுத்தம் சரிகிறது, உள்ளே சரக்கு மிச்சமிருக்கும்போதே இன்வெர்ட்டர் நின்றுவிடுகிறது.

ஜெர்மானிய அறிவியலாளர் வில்ஹெல்ம் பியூக்கெர்ட் 1897-இல் இந்த இழப்புக்கு ஒரு சூத்திரம் தந்தார். சி20 முறையில் அளந்த 150 ஏஎச் பேட்டரியிலிருந்து 50 ஆம்பியர் இழுத்தால், வகுத்தல் கணக்குப்படி 3 மணி நேரம் வர வேண்டும். அந்தச் சூத்திரத்தில் அடுக்காக வரும் பியூக்கெர்ட் எண் 1.2 என்று வைத்துக்கொண்டால், கிடைப்பது ஏறக்குறைய 2 மணி நேரம்தான்.

ஏஎச் மட்டும் தெரிந்தாலும் போதாது. வோல்ட்டால் பெருக்கினால்தான் ஆற்றல் வாட்-மணியில் கிடைக்கும். 12 வோல்ட், 150 ஏஎச் என்றால் 1,800 வாட்-மணி. மின்கட்டணக் கணக்கில் 1.8 யூனிட்.

பவர் பேங்க்கில் பலரும் ஏமாறுவது இங்கேதான். 10,000 மில்லி ஆம்பியர்-மணி என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் லித்தியம் செல்லின் கணக்கு. ஆற்றல் 37 வாட்-மணி. அதை 5 வோல்ட்டாக உயர்த்தி போனுக்குத் தரும்போது 7,400 ஆகிவிடும். மாற்றத்தில் வெப்பமாகப் போவதைக் கழித்தால் இன்னும் குறையும். விமானப் பயண விதிகள் 100 வாட்-மணி என்று வரம்பு வைப்பதும் இதனால்தான்: வோல்ட் எதுவானாலும் வாட்-மணி மாறாது.

பெரிய மின் நிலையங்களில் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. தெற்கு ஆஸ்திரேலியாவில் 2017-இல் ஹார்ன்ஸ்டேல் பேட்டரி நிலையம் தொடங்கியபோது 100 மெகாவாட், 129 மெகாவாட்-மணி என இரண்டு எண்களும் சேர்த்தே சொல்லப்பட்டன. முதலாவது எவ்வளவு வேகமாகத் தர முடியும் என்பது. இரண்டாவது மொத்தக் கையிருப்பு. வகுத்துப் பார்த்தால், முழு வேகத்தில் ஏறத்தாழ 1 மணி 17 நிமிடம். வீட்டு பேட்டரி வாங்குபவரும் கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை இவைதான்: எத்தனை வாட்-மணி, எத்தனை மணி நேரத்தில் இறக்கி அளந்தது?