கருவிழி அழற்சி: மனிதரிடமும் கால்நடைகளிடமும் காணப்படும் வகைகளும் காரணங்களும்

கருவிழி அழற்சி என்றால் என்ன?

கண்ணின் முன்பகுதியில், கைக்கடிகாரத்தின் மேற்கண்ணாடியைப் போல அமைந்துள்ள ஒளி ஊடுருவும் படலமே கார்னியா எனப்படும் கருவிழி ஆகும். இதற்கெனத் தனி நிறம் கிடையாது. பின்னால் உள்ள பகுதியின் நிறமே இதன் வழியாகக் கருமையாகத் தெரிகிறது. இதன் நடுப்பகுதியின் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் மட்டுமே. இதில் இரத்தக் குழாய்கள் இல்லை. கண்ணீரும் கண்ணின் உள்நீருமே இதற்கு ஊட்டமளிக்கின்றன. ஆனால் நரம்பு முனைகள் மிக அடர்த்தியாக உள்ளன. எனவேதான் சிறு தூசி விழுந்தாலும் கடுமையான உறுத்தல் உண்டாகிறது.

இப்படலத்தில் ஏற்படும் அழற்சியே கருவிழி அழற்சி. அதன் மேற்பரப்பு அரிக்கப்பட்டுக் குழி விழுந்தால் அது கருவிழிப் புண் எனப்படும். ஆழமான புண் ஆறிய பிறகும் அவ்விடத்தில் வெண்ணிறத் தழும்பு தங்கிவிடும். கண்ணில் 'பூ விழுந்துவிட்டது' என்று மக்கள் கூறுவது பெரும்பாலும் இதையே. தழும்பு நடுப்பகுதியில் அமைந்தால் பார்வை நிலையாகக் குறையும். ஆகவே, புண் உருவாகுமுன் தடுப்பதே சிறந்தது.

அறிகுறிகள்

- கண்ணில் வலி, சிவப்பு, உறுத்தல்
- இடைவிடாது நீர் வடிதல் அல்லது பீளை தள்ளுதல்
- வெளிச்சத்தைப் பார்க்க இயலாமை
- பார்வை மங்குதல்
- கருவிழியில் வெண்புள்ளி தோன்றுதல்

தொற்றினால் வரும் வகைகள்

*பாக்டீரியா:* கருவிழியில் கீறல் ஏற்பட்டால் கிருமிகள் எளிதில் உட்புகும். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றாமல் உறங்குபவர்களுக்கும் இவ்வகை வரலாம். சில கிருமிகள் ஓரிரு நாட்களிலேயே படலத்தைக் கடுமையாகச் சேதப்படுத்திவிடும்.

*பூஞ்சை:* ஃபுசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் ஆகிய பூஞ்சைகள் மண்ணிலும் தாவரங்களிலும் வாழ்பவை. நெற்கதிர், கரும்புச் சோகை, முள், மரத்தூள் ஆகியவை கண்ணில் படும்போது அவற்றுடன் பூஞ்சையும் உட்செல்கிறது. தொடக்கத்தில் வலி குறைவாக இருக்கலாம் என்பதால் பலர் சிகிச்சையைத் தள்ளிப்போடுகின்றனர்.

*வைரஸ்:* உதட்டோரத்தில் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸ் கருவிழியையும் தாக்கும். இது ஒருமுறை குணமானாலும் மீண்டும் வரக்கூடியது. முகத்தில் தோன்றும் அக்கியும் கருவிழியைப் பாதிக்கலாம்.

*அகாந்தமீபா:* நீரிலும் மண்ணிலும் வாழும் ஒருசெல் உயிரி. கான்டாக்ட் லென்ஸைக் குழாய் நீரில் கழுவுவதும், அணிந்தபடியே குளிப்பதும் இதற்கு வழிவகுக்கும்.

தொற்றில்லாத காரணங்கள்

- கண்ணீர் சுரப்பு குறைந்து கண் உலர்தல்
- முகவாதம், தொழுநோய் ஆகியவற்றால் இமை முழுமையாக மூடாதிருத்தல்
- குழந்தைகளிடம் வைட்டமின் ஏ குறைபாடு
- பாதுகாப்புக் கண்ணாடியின்றி வெல்டிங் ஒளியைப் பார்த்தல்
- சுண்ணாம்பு, அமிலம் முதலியன தெறித்தல்

உழவர்கள் அறிய வேண்டியது

மதுரை மாவட்டத்தில் மேற்கொள்ளப்பட்டு 1996ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, ஆண்டுதோறும் 10,000 பேரில் ஏறத்தாழ 11 பேருக்குக் கருவிழிப் புண் ஏற்படுவதாகக் கணக்கிட்டது. வயல் வேலையில் படும் சிறு காயமே பலருக்குத் தொடக்கமாகிறது. பால் கறக்கும்போது மாட்டின் வால் கண்ணில் அடிப்பதும் அத்தகைய காயமே.

நேபாளத்தின் பக்தபூரில் நடைபெற்று 2001ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், கருவிழியில் கீறல் பட்டவர்களுக்குக் கிராமச் சுகாதாரப் பணியாளர்கள் நுண்ணுயிர்க்கொல்லிக் களிம்பு அளித்தனர். அவர்களுள் 96 விழுக்காட்டினர் தொற்றின்றிக் குணமடைந்தனர். காயம்பட்ட 18 மணி நேரத்திற்குள் வந்தவர்களில் ஒருவருக்கும் புண் உண்டாகவில்லை. எனவே, கண்ணில் காயம் பட்ட அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லுங்கள்.

கால்நடைகளிலும் செல்லப்பிராணிகளிலும்

*மாடுகள்:* மொராக்செல்லா போவிஸ் என்னும் பாக்டீரியாவால் தொற்றுக் கண்நோய் வருகிறது. முகத்தில் மொய்க்கும் ஈக்கள் இதனை ஒரு மாட்டிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டு செல்கின்றன. கடும் வெயில், புழுதி, கூரிய புல் ஆகியவை கருவிழியைப் புண்படுத்தித் தொற்றுக்கு வழிசெய்கின்றன. கன்றுகளே அதிகம் பாதிக்கப்படுகின்றன. கண்ணீர் வழிதல், கண்ணைச் சுருக்குதல், நடுவில் வெண்புள்ளி ஆகியன இதன் அறிகுறிகள். பாதிக்கப்பட்ட மாட்டைப் பிரித்து நிழலில் கட்டுங்கள்; கொட்டிலில் ஈக்களைக் கட்டுப்படுத்துங்கள்.

*ஆடுகள்:* மைக்கோபிளாஸ்மா, கிளமிடியா வகைக் கிருமிகளால் மந்தையில் விரைந்து பரவும்.

*நாய்கள்:* கண்ணீர் குறைவு, காயம், உடலின் நோய் எதிர்ப்பாற்றல் கோளாறு ஆகியவை காரணங்கள். பக் போன்ற குட்டை மூக்கு இனங்களுக்கு விழி துருத்தியிருப்பதால் எளிதில் காயம்படும். அடினோவைரஸ் தொற்றில் கருவிழி நீலம் பாய்ந்ததுபோல் மாறலாம். இதனைத் தடுக்கத் தடுப்பூசி உண்டு.

*பூனைகள்:* பூனைகளுக்குரிய ஹெர்பிஸ் வைரஸ் முக்கியக் காரணம்.

செய்ய வேண்டியவை

- தூசியோ வேதிப்பொருளோ கண்ணில் விழுந்தால் உடனே தூய நீரால் நன்கு கழுவுங்கள். சுண்ணாம்பு, அமிலம் எனில் குறைந்தது 15 நிமிடம் தொடர்ந்து கழுவிவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.
- கதிரறுப்பு, போரடிப்பு, வெல்டிங் பணிகளில் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள்.
- நோயுற்ற கால்நடையைத் தொட்ட பின் சோப்பிட்டுக் கைகழுவுங்கள்.

செய்யக் கூடாதவை

- கண்ணைக் கசக்காதீர்கள்.
- தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு முதலியவற்றைக் கண்ணில் விடாதீர்கள். கால்நடைகளின் கண்ணில் உப்போ புகையிலைச் சாறோ இடாதீர்கள்.
- பரிந்துரையின்றிச் சொட்டு மருந்து வாங்காதீர்கள். ஸ்டீராய்டு கலந்த மருந்து சிவப்பைக் குறைத்துக் குணமானதுபோல் காட்டும். பூஞ்சை, ஹெர்பிஸ் தொற்றுகளில் உள்ளே புண் ஆழமாகும்.
- ஒருவருக்கு எழுதிய மருந்தை மற்றவருக்கோ கால்நடைக்கோ பயன்படுத்தாதீர்கள்.

வெளித்தோற்றத்தில் எல்லா வகையும் சிவந்த கண்ணாகவே தெரியும். கருவிழியிலிருந்து சிறு மாதிரி எடுத்து நுண்ணோக்கியில் ஆய்ந்தே கண் மருத்துவர் பல வேளைகளில் காரணத்தை உறுதி செய்கிறார். தமிழ்நாட்டில் மருத்துவ ஆலோசனைக்கு 104 எண்ணையும், கால்நடை மருத்துவ உதவிக்கு 1962 எண்ணையும் அழைக்கலாம்.