பிராணவாயுவே பகையாகும்போது



படுக்கையில் ஒருவர் மூச்சுத் திணறுகிறார். "ஐயா, ஆக்ஸிஜன் வையுங்கள்" என்று உறவினர்கள் கெஞ்சுகிறார்கள். மருத்துவரோ தயங்குகிறார். பார்ப்பவர்களுக்கு இது கல்நெஞ்சமாகத் தோன்றும். ஆனால் பாராகுவாட் என்னும் களைக்கொல்லி உடலில் சேர்ந்தவருக்கு இந்தத் தயக்கமும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

காரணத்தை அறிய வயல் வரப்புக்குப் போகவேண்டும். பாராகுவாட் தெளித்த புல் வெயில் ஏறிய சில மணி நேரத்திலேயே வாடிவிடும். 1962-ல் இது விற்பனைக்கு வந்தபோது உழவர்களைக் கவர்ந்தது இந்த வேகம்தான். மருந்து தானாக இலையைக் கருக்குவதில்லை. இலையின் செல்லிலிருந்து ஓர் எலக்ட்ரானை வாங்கிப் பிராணவாயுவிடம் கொடுக்கிறது. வெறுங்கையோடு திரும்பி வந்து அடுத்ததை வாங்குகிறது. தரகர் வேலை! தான் அழியாமல் ஆயிரக்கணக்கான முறை இதையே செய்யும். எலக்ட்ரானைப் பெற்ற பிராணவாயுவோ முன்போல் சாதுவாக இராது.

அது பாய்வது செல்லைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வின்மீது. சவ்வு கொழுப்பால் ஆனது. நாள்பட்ட எண்ணெயில் சிக்கு வாடை அடிப்பதை நம் தாய்மார்கள் அறிவார்கள். ஏறக்குறைய அதே மாற்றம்தான் இங்கே உயிருள்ள உடம்பில் நடக்கிறது. கெட்டுப்போன ஒரு கொழுப்பு மூலக்கூறு பக்கத்திலிருப்பதையும் கெடுக்கும், அது அடுத்ததை. உடலிலுள்ள இரும்பும் இதற்குத் துணைபோகிறது. இந்தச் சங்கிலியை அறுக்கச் சவ்விலேயே வைட்டமின் ஈ உண்டு. ஆனால் அதன் கையிருப்பு கொஞ்சமே. முடிவில் சவ்வு ஒழுகி, செல் இறக்கிறது.

மனிதரிடம் இதற்கு வெயில் தேவையில்லை, பிராணவாயு போதும். அது நிறைந்த இடம் நுரையீரல். போதாக்குறைக்கு, நுரையீரல் செல்கள் இந்த நஞ்சை உடலுக்கு வேண்டிய வேறொரு பொருள் என்று ஏமாந்து, தாமே உள்ளே இழுத்துச் சேர்த்துக்கொள்கின்றன. முதல் நாள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவருக்குச் சில நாள் கழித்து மூச்சு வாங்குவது இதனால்தான். அப்போது கொடுக்கும் கூடுதல் பிராணவாயு எரிகிற அடுப்பில் விறகு வைப்பதாகும். ஆகவே ரத்தத்தில் அதன் அளவு மிகவும் குறைந்தால் மட்டுமே கொடுக்கிறார்கள். (மற்ற நோயாளிகளுக்கு இது பொருந்தாது, அங்கே ஆக்ஸிஜன் உயிர் காக்கும்.)

முறிவு மருந்து இன்றுவரை இல்லை. களிமண் இந்த நஞ்சை இறுகப் பிடித்துக்கொள்ளும் என்பதால் ஒருவகைக் களிமண்ணைக் கரைத்துக் கொடுப்பதுண்டு. மருத்துவக் கரித்தூளும் கொடுப்பார்கள். ரத்தத்தில் கலந்தபின் இரண்டுமே அதிகம் உதவுவதில்லை.

குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைத்ததைத் தெரியாமல் குடித்தவர்கள் பல நாடுகளில் உண்டு. அதனால் பின்னாளில் இதில் நீலச் சாயமும் துர்நாற்றமும் வாந்தி மருந்தும் சேர்த்தார்கள். இலங்கை 2008 முதல் படிப்படியாக இதை விலக்கியது; கேரளம் 2011-ல் தடை செய்தது.