நாற்றுகள் நெட்டையாய் வளர்வது ஏன்?

நாற்றுமேடையில் உயர்ந்து நிற்கும் நாற்றையே தெரிந்தெடுத்து நடுவது நம் கமக்காரர் பலரின் வழக்கமாகும். சந்தையில் மிளகாய்க் கன்றும் தக்காளிக் கன்றும் வாங்குவோரும் நெட்டையானவற்றையே முதலில் நாடுவர். அவ்வாறு நட்ட நெட்டைக் கன்று மறுநாள் வெயிலில் துவண்டு சாய்வதையும், அதனருகே நட்ட குட்டைக் கன்று நிமிர்ந்து நிற்பதையும் நீங்களே பன்முறை கண்டிருப்பீர்கள். இதன் காரணத்தை அறிந்துகொண்டால் ஒரு போகத்தின் நாற்றைக் காத்துக்கொள்ளலாம்.

முற்றத்தில் கவிழ்த்து மறந்துபோன கடகமொன்றைச் சில நாட்கள் சென்றபின் தூக்கிப் பாருங்கள். அதன்கீழ் உள்ள புல் வெளிறி, மெலிந்து, அயற்புல்லிலும் நீண்டிருக்கும். உணவு மிகுந்ததனால் அது நீளவில்லை. ஒளியைத் தேடியே நீண்டது. மண்ணுள் முளைக்கும் விதைக்கு இக்குணம் உயிர்காப்பாகும். விதையிற் சேமித்து வைத்த சிறிதளவு உணவைத் தண்டை நீட்டுவதற்கே செலவிட்டு, விரைவில் மண்ணைக் கீறி வெளிவருகின்றது. வெளிவந்த பின்னரும் ஒளி கிடைக்காவிடின் அச்செலவு தொடரும். வேரும் இலையும் பட்டினி கிடக்க, தண்டு மாத்திரம் நீளும்.

தண்டை நீட்டுமாறு பணிப்பவை ஓமோன்கள் என்னும் பொருட்கள். பயிரின் உடலிலேயே மிக நுண்ணிய அளவில் இவை உண்டாகின்றன. சார்ள்ஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிசும் புல்லின முளைகள் ஒளிப்பக்கம் வளைவதை ஆராய்ந்து 1880ஆம் ஆண்டில் நூலொன்று வெளியிட்டனர். முளையின் நுனியை மூடிவிட்டால் அது வளைவதில்லை என்பதை அவர்கள் கண்டனர். நுனியிலிருந்து கீழிறங்கும் பொருளொன்றே வளைவுக்குக் காரணம் என்பதை ஒல்லாந்தரான வென்ற் என்பவர் 1928இல் ஓட்ஸ் முளைகளைக் கொண்டு நிறுவினார். ஒட்சின் என்பது அதன் பெயர். ஒளி ஒருபக்கமாக விழும்போது ஒட்சின் நிழற்பக்கத்திற் சேர்கின்றது. அப்பக்கம் மிகுதியாக நீள, தண்டு ஒளியை நோக்கிச் சாய்கின்றது. சுவரோரத்தில் அமைத்த மேடையில் நாற்றுகள் யாவும் ஒரே பக்கம் சரிந்து நிற்பது இதனாலேயே.

கமக்காரர் சிறப்பாக அறியவேண்டியது இனிவருவதாகும். இலைகளில் பைற்றோகுரோம் என்னும் நிறப்பொருள் உண்டு. அது ஒளியின் அளவை மட்டுமன்றி அதன் நிறத்தையும் உணரவல்லது. பச்சிலை சூரியவொளியிலுள்ள சிவப்பை உறிஞ்சிக்கொள்கின்றது. கண்ணுக்கு அரிதாகப் புலப்படும் கடுஞ்சிவப்பைப் பெரும்பாலும் உறிஞ்சாது விட்டுவிடுகின்றது. ஆகவே நெருங்கி நிற்கும் நாற்றுகளிடையே சிவப்புக் குறைந்து கடுஞ்சிவப்பு மிகும். அயலிலே போட்டியுண்டு என்பதை இதனால் நாற்று அறிந்துகொள்கின்றது. அயற்செடியின் நிழல் தன்மீது விழுமுன்னரே, ஒட்சினும் ஜிபரெலின் என்னும் மற்றோர் ஓமோனும் தண்டை நீட்டத் தொடங்கிவிடும். அடர்த்தியாக விதைத்த மேடைக்கு எவ்வளவு பசளையிட்டாலும் நாற்று உரம்பெறாமைக்கு இதுவே காரணம். விதை மலிவென்று அள்ளித் தூவுவதைப்போல் நட்டமான சிக்கனம் வேறில்லை என்பது எனது கருத்து.

மரக்கறி நாற்றுமேடையில் வரிசைக்கு வரிசை நான்கு அங்குலம் விட்டு ஐதாக விதைத்தல் நன்று. முளைத்தபின் நெருக்கமாயுள்ளவற்றைக் களைந்துவிட வேண்டும். மூடிய வைக்கோலை முளை வெளிவந்த அன்றே எடுத்துவிடுக. இரண்டு நாள் தாமதித்தாலும் தண்டு வெளிறி நீண்டுவிடும். கிடுகுப் பந்தலை உச்சிவெயிலுக்கும் பெருமழைக்கும் மாத்திரம் பயன்படுத்தி, காலையிலும் மாலையிலும் நீக்கி வைக்க வேண்டும். நடுவதற்கு முந்திய ஒரு வாரம் பந்தலை முற்றாக அகற்றி, நீரையும் படிப்படியாகக் குறைத்து நாற்றை வன்மைப்படுத்துக. காற்றில் அசையும் நாற்று குட்டையாகவும் தடித்தும் வளருமாதலால் மேடையைச் சுற்றி இறுக அடைப்பதும் வேண்டாம். முன்னரே நெடுத்துவிட்ட தக்காளிக் கன்றாயின் தண்டின் ஒரு பகுதியையும் மண்ணுள் ஆழ்த்தி நடலாம்; புதைந்த தண்டிலிருந்து வேர் எழும். மிளகாய்க்கு இவ்வுபாயம் அவ்வளவாகப் பயன்படாது.

நெல் மேடையிலே சில நாற்றுகள் மாத்திரம் ஏனையவற்றுக்கு மேலாக வெளிறி நீண்டு நின்றால் அங்கு நிழலைத் தேடவேண்டாம், அது நோயாயிருக்கலாம். யப்பானியர் இதனைப் ‘பக்கானே’, அதாவது மூட நாற்று, என அழைத்தனர். அக்காலத்தில் யப்பானின் ஆட்சியிலிருந்த தைவானில் குரோசாவா என்பவர் 1926இல் இதனை ஆராய்ந்து, பங்கசு ஒன்று சுரக்கும் பொருளே நாற்றை நீட்டுகின்றது எனக் காட்டினார். அப்பொருளுக்கு 1935இல் யபுத்தா என்பவர் ஜிபரெலின் எனப் பெயரிட்டார். பயிர் தானே அளவோடு ஆக்கும் அதே ஓமோனைப் பங்கசு அளவின்றி ஊட்டிவிடுகின்றது! நோயுற்ற நாற்றுகளிற் பல மடியும். தப்பியவை பதர்க்கதிர் ஈனும். இவற்றைப் பிடுங்கி அழித்துவிட வேண்டும். இந்நோய் விதையோடு பரவுவதாதலால் நோய்கண்ட வயலின் நெல்லை விதைநெல்லாக எடுத்தல் ஆகாது. விதைநெல்லை உப்புநீரிலிட்டு மிதப்பவற்றை நீக்குவதும் உதவும்.

ஜிபரெலின் குறைந்தால் வரும் நன்மைக்கும் நெல்லே சான்று. பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966இல் வெளியிட்ட ஐ.ஆர். 8 என்னும் இனம் குட்டையாயிருந்தது, அதன் தண்டில் இவ்வோமோன் குறைவாக உண்டாவதனாலேயே. பசளை மிகுந்தும் அது சாய்வதில்லை. பத்தலகொடவில் உருவாக்கப்பட்ட குட்டையினங்கள் பலவும் இவ்வகையினவே.

இவ்வளவும் அறிந்தபின், மெலிந்த நாற்றுக்கு வளர்ச்சி மருந்து தெளிக்கலாமோ என்று கேட்போர் உளர். அம்மருந்தில் ஜிபரெலின் இருப்பின் மெலிந்த தண்டு மேலும் நீளும். வேண்டியது வெயிலும் இடைவெளியுமாம்.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. நெல்வயலில் அகன்ற இலைக் களைகளை அழிக்கத் தெளிக்கும் எம்.சி.பி.ஏ. போன்ற களைநாசினிகள் ஒட்சினைப் போன்று தொழிற்படுபவை. நெற்பயிர் அவற்றைத் தாங்கிக்கொள்ளும். தக்காளியும் மிளகாயும் தாங்கமாட்டா. காற்றில் வந்த சிறுதுளி பட்டாலும் இலை சுருண்டு தண்டு முறுகிவிடும். இதனை வைரசு நோயென்று மயங்கி மேலும் மருந்துக்குப் பணம் செலவிடுவோர் உளர். வயலுக்கு அருகே மரக்கறித் தோட்டமிருப்பின் காற்றடங்கிய வேளையிலேயே தெளிக்க வேண்டும். களைநாசினிக்கு வேறாக ஒரு தெளிகருவி வைத்திருத்தல் மிக நன்று. ஒன்றே உள்ளதாயின் சவர்க்காரநீரால் பன்முறை கழுவி, குழாயிலும் முனையிலும் தங்கிய நீரையும் வெளியேற்றிய பின்னரே மரக்கறிக்கு எடுக்க வேண்டும். கழுவிய நீரைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றற்க.