ஆகாயத்தைப் பார்க்கப் பாதாளத்தில் இறங்கியவர்கள்

வானத்திலிருந்து வருகிற ஒன்றைப் பிடிக்க மலையுச்சிக்கு ஏறுவதுதானே முறை? கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் மட்டும் ஏன் 2.3 கிலோமீட்டர் கீழே இறங்கினார்கள்? கோலார் தங்கவயல் என்றாலே பேச்சு தங்கம், சயனைடு மேடு, சினிமா என்று போய்விடும். இந்தக் கேள்வி வருவதேயில்லை. டீ சொல்லியாயிற்று, குடித்து முடிப்பதற்குள் விஷயம் பிடிபட்டுவிடும். கணக்குப் பாடம் எதுவும் வேண்டாம்.

முதலில், பிடிக்கப் போன பொருள் எது? நியூட்ரினோ. மின்சுமை கிடையாது, எடையும் இல்லையென்றே சொல்லிவிடலாம். எதன்மீதும் மோதாமல் போய்க்கொண்டிருக்கும். சூரியனிலிருந்து மட்டும், உங்கள் விரல் நகத்தளவு இடத்தில் நொடிக்கு ஆறாயிரம் கோடிக்கு மேல் புகுந்து வெளியேறுகின்றன. ராத்திரியிலும் அப்படித்தான், மொத்த பூமியையும் துளைத்துக்கொண்டு காலடியிலிருந்து மேலே வரும். உடம்புக்கு ஒன்றும் ஆவதில்லை. இப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று 1930இல் இயற்பியலாளர் வுல்ஃப்காங் பாலி ஊகித்தார். அமெரிக்காவில் ஓர் அணு உலைக்குப் பக்கத்தில் பிரெடெரிக் ரெய்ன்ஸும் கிளைட் கோவனும் அதைக் கண்டது 1956இல்தான்.

அணு உலை மனிதர்கள் கட்டியது. இயற்கையே உண்டாக்கும் நியூட்ரினோ ஒன்றைக் காண முடியுமா? அதுதான் அடுத்த கேள்வி. விண்வெளியிலிருந்து விண்கதிர்கள் ஓயாமல் வந்து காற்றுமண்டலத்தின் மேல்தட்டில் மோதுகின்றன. அந்த மோதலில் சிதறுபவற்றில் இரண்டு நமக்கு முக்கியம்: ஒன்று மியூவான், இன்னொன்று நியூட்ரினோ. மியூவானுக்கு மின்சுமை உண்டு. போகிற வழியில் தடம் விட்டுச் செல்லும். நியூட்ரினோ தடமே விடாது. எப்போதாவது ஒரு நியூட்ரினோ பாறையிலுள்ள ஓர் அணுக்கருவில் மோதினால், அங்கே ஒரு மியூவான் பிறக்கும். அந்த மியூவானைப் பார்த்துத்தான் 'வந்தது நியூட்ரினோ' என்று சொல்ல முடியும்.

சிக்கல் இங்கேதான். வானத்தில் பிறந்த மியூவான்கள் நாள் முழுக்கக் கொட்டுகின்றன. உள்ளங்கையை விரித்தால் ஏறத்தாழ நொடிக்கு ஒன்று விழும். கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டும்போது பக்கத்திலிருப்பவர் முணுமுணுப்பது காதில் விழுமா? கதவுகளைச் சாத்திக்கொண்டு உள்ளறைக்குப் போனால்தான் கேட்கும். பூமிக்கு மேல் நின்றால் நியூட்ரினோவால் பிறந்த மியூவானின் கதியும் அதுதான். ஆழத்துக்குப் போகப் போக, வானத்து மியூவான்கள் பாறையில் சக்தியிழந்து ஒவ்வொன்றாக நின்றுவிடும். நியூட்ரினோவுக்கு அந்தப் பாறை இருப்பதே தெரியாது.

ஆக, ஆழமான குழி வேண்டும். நம் நாட்டில் அது தயாராக இருந்தது. சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் 3.2 கிலோமீட்டர் வரை இறங்கியது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. இயற்பியலாளர் ஹோமி பாபாவின் யோசனைப்படி பி.வி. ஸ்ரீகண்டன் 1951இலேயே கருவிகளோடு கோலாருக்கு வந்து, ஆழம் கூடக்கூட மியூவான்கள் எப்படிக் குறைகின்றன என்று அளந்தார். பத்தாண்டு கழித்து மியாகே, நரசிம்மம், ரமணமூர்த்தி ஆகியோர் இன்னும் கீழே போனார்கள். ஏறத்தாழ 2,700 மீட்டருக்குக் கீழே இரண்டு மாதம் கருவி விழித்திருந்தது. ஒரு மியூவான்கூட வரவில்லை. வேறு சோதனையாக இருந்தால் 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்று மூட்டை கட்டியிருப்பார்கள். இவர்களுக்கோ அதுவே நல்ல செய்தி. மேளச் சத்தம் அடங்கிவிட்டது. இனி முணுமுணுப்பைக் கேட்கலாம்.

மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் மூன்றும் கைகோத்தன. எம்.ஜி.கே. மேனன், ஸ்ரீகண்டன், மியாகே, டர்ஹாமின் உல்ஃபெண்டேல் ஆகியோர் முன்னணியில் இருந்தார்கள். சாம்பியன் ரீப்ஸின் ஹீத்கோட் ஷாஃப்டில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை நிறுத்தினார்கள்.

நிறுத்திய விதத்தில்தான் சூட்சுமம். வானத்தைப் பார்க்கிற கருவி என்றால் மல்லாந்து கிடக்க வேண்டும் என்றுதான் தோன்றும். இவர்கள் சுவர்போல் செங்குத்தாக நிறுத்தினார்கள். ஏன்? அவ்வளவு ஆழத்துக்கும் தப்பிவரும் ஒன்றிரண்டு வானத்து மியூவான்கள் தலைக்கு நேர் மேலிருந்துதான் வர முடியும். சாய்ந்து வந்தால் கடக்க வேண்டிய பாறை இரட்டிப்பாகும், மும்மடங்காகும்; வழியிலேயே நின்றுபோகும். படுக்கைவாட்டில் ஒரு மியூவான் வந்தால், அது வானத்திலிருந்து வந்ததல்ல; பக்கத்துப் பாறையில் நியூட்ரினோ மோதிப் பிறந்தது. துகள் பாயும்போது மினுக்கும் பிளாஸ்டிக் பலகைகள் இரண்டு பக்கமும் நின்றன. நடுவில் நியான் வாயு அடைத்த கண்ணாடிக் குழாய்கள். துகள் போன வழியிலுள்ள குழாய்கள் மட்டும் பளிச்சிடும். கேமரா அதைப் படமெடுக்கும். படத்தைப் பார்த்தால் துகள் வந்த திசை தெரிந்துவிடும்.

மாதக்கணக்கில் காத்திருந்தால் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் சிக்கும். ஆனாலும் 1965இல் சிக்கியது. அதே நேரத்தில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் ரெய்ன்ஸ் குழுவும் இதே வேட்டையில் இருந்தது. அவர்களுக்கு முதல் தடம் கிடைத்தது பிப்ரவரியில். கோலார் குழுவின் கட்டுரை ஆகஸ்ட் 15 அன்று அச்சேறியது, அவர்களுடையது ஆகஸ்ட் 30 அன்று. பார்த்ததில் அவர்கள் முந்தி, அச்சில் நாம் முந்தி. இரண்டு குழுக்களுக்கும் சேர்த்துப் பெயர் கொடுப்பதுதான் நியாயம்.

இயற்பியலுக்கு அமைதி தந்த அதே பாறை, அதைக் குடைந்தவர்களுக்கு என்ன தந்தது? வட ஆற்காடு, சித்தூர்ப் பக்கங்களிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கேஜ் என்ற சுரங்க லிப்டில் இறங்கின. அடிமட்டத்தில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். பாறைத்தூள் நுரையீரலில் படிந்து இறுகும் சிலிக்கோசிஸ் நோய் இந்தியாவில் முதன்முதலாகப் பதிவானது 1934இல், இந்தத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம்தான். மேலிருக்கும் பாரம் தாங்காமல் பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். சுரங்கத்தில் அதற்கு 'ஏர் பிளாஸ்ட்' என்று பெயர். பாறையின் போக்கை ஆராய்வதற்கென்றே தேசிய பாறை இயந்திரவியல் நிறுவனம் 1988இல் தொடங்கப்பட்டதும் தங்கவயலில்தான். நியூட்ரினோ கட்டுரையில் விஞ்ஞானிகளின் பெயர்கள் இருக்கின்றன. அந்தப் பள்ளத்தை வெட்டியவர்களின் உழைப்பு இல்லாமல் அந்தக் கட்டுரை இல்லை.

பிறகு, அணுக்கருவிலுள்ள புரோட்டான் தானாகச் சிதையுமா என்று பார்க்க 1980இல் 140 டன் இரும்பைக் கோலாரில் கீழே இறக்கினார்கள். சில தடங்கள் ஆசை காட்டின. வெளிநாட்டுப் பெரிய கருவிகள் அவற்றை உறுதிசெய்யவில்லை. இன்றுவரை புரோட்டான் சிதைந்து யாரும் பார்த்ததில்லை. இதே தேடலுக்காக ஜப்பானின் கமியோகா சுரங்கத்தில் வைத்த கருவிக்கு 1987இல் ஒரு நட்சத்திர வெடிப்பின் நியூட்ரினோக்கள் அகப்பட்டன. அங்கேயே நிறுவிய பெரிய கருவி, நியூட்ரினோவுக்கு எடை உண்டு என்பதற்கான சான்றை 1998இல் தந்தது. அந்தச் சான்று வந்தது, கோலாரில் முதலில் பிடித்த அதே காற்றுமண்டல நியூட்ரினோக்களிலிருந்து. கோலாரிலோ 1990களின் தொடக்கத்தில் சோதனைகள் நின்றன. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கமே மூடப்பட்டது. பம்புகள் நின்றபின் தண்ணீர் ஏறிவிட்டது.

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் கட்ட 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது இந்தக் கதை நம் கையில் இருந்தது; நாம் சொல்லவில்லை. அதனால் 'நியூட்ரினோ ஊரை அழித்துவிடும்' என்ற பயம் பரவியது. நியூட்ரினோவால் ஒருவருக்கும் கேடில்லை. அது இப்போதும் உங்கள் டீ கிளாஸ் வழியே போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசத்தை மறக்கக்கூடாது. கோலாரில் குழி ஏற்கெனவே இருந்தது. பொட்டிப்புரத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக்குள் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டருக்குப் புதிதாகக் குடைய வேண்டும். வெடிவைப்பு, தண்ணீர், காடு, உடைத்தெடுக்கும் பாறையை எங்கே கொட்டுவது என்ற கேள்விகள் நியாயமானவை. அவற்றுக்கு எண்ணிக்கையோடு பதில் சொல்வது விஞ்ஞானிகளின் கடமை. யாராவது உங்களிடம் இந்த விவகாரத்தை எடுத்தால், துகளைப் பற்றிப் பயப்படாதீர்கள், சுரங்கத்தைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லுங்கள்.