சொந்தத் தறி, பிறர் சந்தை
சுயாதீன செயலித் தொழில் பற்றிச் சில குறிப்புகள்

எமது இளைஞர்கள் மத்தியில் அண்மைக் காலமாக ஒரு தொழிலின் பெயர் அடிக்கடி அடிபடுகின்றது. கைத்தொலைபேசிகளுக்கான செயலிகளைத் தனியொருவராக எழுதி, எந்த நிறுவனத்திலும் வேலைக்குச் சேராமல், நேரடியாக உலகச் சந்தையில் விற்றுப் பிழைக்கும் தொழில் அது. இதனைச் செய்பவர்களைச் 'சுயாதீன' உருவாக்குநர்கள் என்கிறார்கள். மேற்பார்வையாளர் இல்லை, இரவு வேலை முறை இல்லை, உச்சரிப்பைக் கேட்டு முகம் சுழிக்கும் நேர்முகத் தேர்வு இல்லை. ஊரில் பெற்ற பட்டத்தை இந்நாட்டு அதிகாரி ஏற்றுக்கொள்வாரா என்ற கேள்வியும் இல்லை. ஓடும் பட்டியின் முன்னால் எட்டு மணித்தியாலம் நின்று பெட்டி அடுக்கும் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய கவர்ச்சி என்பதை விளக்கத் தேவையில்லை. ஊரில் பொருளாதார வரலாறு கற்பித்துவிட்டு இங்கு ஜேர்மனியில் அதே பட்டியின் முன் நிற்பவன் என்ற வகையில், அக்கவர்ச்சியை நான் ஏளனம் செய்யவும் மாட்டேன்.

ஆயினும் 'சுயாதீனம்' என்ற சொல்லை அப்படியே விழுங்கிவிட முடியாது. உற்பத்திச் சாதனம் ஒருவரின் கையில் இருப்பது வேறு. சந்தைக்குப் போகும் பாதை அவரது கையில் இருப்பது வேறு. இத்தொழிலில் முதலாவது கிடைக்கின்றது, இரண்டாவது கிடைப்பதில்லை. கையிலுள்ள வேலையை விட்டுவிட்டு இதில் இறங்குவதா என்று யோசிக்கும் தம்பி தங்கையர் இந்த வேறுபாட்டைக் கணக்கோடு விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாசலும் வாசற்காவலரும்

அப்பிள் நிறுவனம் ஐபோனை 2007இல் வெளியிட்டது. வெளியார் எழுதிய செயலிகளை விற்கும் கடையை 2008 ஜூலையில் ஏறத்தாழ 500 செயலிகளுடன் திறந்தது. அதே ஆண்டு ஒக்ரோபரில் அன்ட்ராயிட் தொலைபேசிகளுக்கான கடையைக் கூகிள் திறந்தது. 2012இல் அதற்குக் கூகிள் பிளே என்று பெயர் மாற்றியது. இன்று உலகின் பெரும்பாலான கைத்தொலைபேசிகள் இவ்விரு நிறுவனங்களின் இயங்குதளங்களிலேயே இயங்குகின்றன. சீனாவில் கூகிளின் கடை இல்லை. அங்கு வேறு கடைகள் உண்டு. ஏனைய நாடுகளில் தனியொரு உருவாக்குநருக்கு இவ்விரு வாசல்களுமே பிரதானமானவை.

நுழைவதற்கான செலவு குறைவு என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். அப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டொலர். கூகிளுக்கு ஒரு தடவை மட்டும் 25 டொலர். ஐபோனுக்கான செயலியை உருவாக்க அப்பிளின் கணனி ஒன்று தேவை. ஒரு பலசரக்குக் கடை திறப்பதற்கான முற்பணத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை. எழுதுவதற்கான கருவிகளும் பாடங்களும் பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கின்றன. மூலதனம் இல்லாதவன் உற்பத்தியாளனாக முடிகிறது என்பது உண்மையான முன்னேற்றம். அதை மறுப்பவர் இத்தொழிலை விளங்கிக்கொள்ளாதவர்.

ஆனால் எழுதி முடித்த செயலி வாசலில் நிற்க வேண்டும். அப்பிளிடம் ஒவ்வொரு செயலியும், பின்னர் அதில் செய்யும் ஒவ்வொரு திருத்தமும், பரிசோதகரின் அனுமதி பெற்ற பின்னரே கடைக்குப் போகும். திருப்பி அனுப்பப்பட்டால் முறையிடலாம். முறையீட்டை விசாரிப்பதும் அதே நிறுவனமே. 2023 நவம்பருக்குப் பின்னர் தனிநபர் கணக்குத் திறந்தவர்கள், 20 பேர் தொடர்ச்சியாக 14 நாட்கள் செயலியைச் சோதித்த பின்னரே அதனை வெளியிட விண்ணப்பிக்கலாம் என்று கூகிள் விதித்தது. 2024 டிசெம்பரில் அத்தொகை 12 ஆகக் குறைக்கப்பட்டது. ஊர்ச்சங்கம் உள்ள எம்மவருக்கு 12 பேரைப் பிடிப்பது பெரிய காரியமல்ல. தனியே ஒரு நகரத்தில் இருப்பவருக்கு அதுவும் ஒரு மதில்தான்.

அடுத்தது தரகு. ஆரம்பத்திலிருந்து விற்பனையில் 30 வீதம் கடைக்காரருக்கு என்பதே விதியாக இருந்தது. ஆண்டு வருமானம் பத்து லட்சம் டொலருக்கு உட்பட்டவர்களுக்கு அப்பிள் 2021 ஜனவரி முதல் இதனை 15 வீதமாகக் குறைத்தது. கூகிளும் அதே ஆண்டு ஜூலை முதல் ஒவ்வொருவரின் முதற் பத்து லட்சத்துக்கும் 15 வீதம் என்றது. யாழ்ப்பாணச் சந்தைகளில் மரக்கறி கொண்டுவரும் விவசாயியிடம் வியாபாரி எடுக்கும் பத்து வீதக் கழிவை எதிர்த்துப் பேசியவர்கள் நாம். அங்கு விவசாயி ஒரு சந்தை சரிவராவிட்டால் அடுத்த சந்தைக்கு வண்டியைத் திருப்பலாம். இங்கு திருப்புவதற்கு ஒரு சந்தையே மிச்சம்.

ஒரு சிறு கணக்கு

ஒரு செயலியை ஜேர்மனியில் 1.99 யூரோவுக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். இதில் 19 வீதப் பெறுமதி சேர் வரி அடங்கும். அது 32 சதம். மிகுதி 1.67. அதில் 15 வீதத் தரகு 25 சதம். உருவாக்குநரின் கைக்கு வருவது 1.42 யூரோ. இது வருமான வரிக்கு முந்திய தொகை.

2026 ஜனவரி முதல் இந்நாட்டின் குறைந்தபட்ச மணிக்கூலி 13.90 யூரோ. மாதம் 160 மணித்தியாலம் வேலை செய்பவரின் மொத்தச் சம்பளம் 2224 யூரோ. இதே தொகையைச் செயலியால் பெற ஏறத்தாழ 1566 பேர் அம்மாதம் அதனை வாங்க வேண்டும். வாங்கியவர் மறுபடி வாங்க மாட்டார். அடுத்த மாதம் புதிதாக இன்னும் 1566 பேர் வேண்டும். செயலிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒருமுறை விலையைக் கைவிட்டுச் சந்தாவுக்கும் விளம்பரத்துக்கும் மாறியதன் காரணம் பேராசை மட்டுமல்ல, இந்தக் கணக்குமே.

இன்னொரு பக்கமும் உண்டு. தொழிலாளியின் சுகாதாரக் காப்புறுதியிலும் ஓய்வூதியக் கட்டணத்திலும் பாதியை முதலாளி செலுத்துகிறார். சுயதொழில் செய்பவர் காப்புறுதி முழுவதையும் தானே செலுத்த வேண்டும். ஓய்வூதியத்துக்குப் பெரும்பாலானோருக்குக் கட்டாயமில்லை என்பதால் பலர் எதுவுமே செலுத்துவதில்லை. வயது போனபின் இதன் விளைவு தெரியும். நோயில் கிடந்தால் ஆறு வாரம்வரை சம்பளம் தரும் முதலாளியும் அங்கு இல்லை.

வென்றவர்களின் கதைகள் எம்மிடம் வேகமாக வந்து சேர்கின்றன. ஹனோயில் இருந்த டொங் நுயென் 2013 மே மாதம் வெளியிட்ட பிளப்பி பேர்ட் என்ற இலவச விளையாட்டு பல மாதங்கள் கவனிப்பாரற்றுக் கிடந்து, 2014 ஜனவரியில் உலகெங்கும் முதலிடத்துக்கு வந்தது. விளம்பரத்தால் நாளொன்றுக்கு 50,000 டொலர் வருவதாக அவர் கூறினார். பெப்ரவரியில் அவரே அதனைக் கடையிலிருந்து எடுத்துவிட்டார். ஏன் திடீரென எழுந்தது என்பதற்கு எவரும் பின்பற்றத்தக்க விளக்கம் தரவில்லை. லொத்தரில் விழுந்தவரைப் பார்த்துத் தொழில் தெரிவுசெய்ய முடியாது.

மூன்று ஆபத்துகள்

முதலாவது, பிரதி. திறீஸ் என்ற எண் விளையாட்டை இரு முதன்மை உருவாக்குநர்கள் 14 மாதங்கள் செதுக்கி 2014 பெப்ரவரியில் விலைக்கு வெளியிட்டனர். சில வாரங்களுக்குள் அதன் சாயலில் விளையாட்டுகள் வந்தன. மார்ச்சில் கப்ரியேலே சிருல்லி என்ற 19 வயது இத்தாலிய இளைஞர் ஒரு வார இறுதியில் எழுதி இலவசமாக வெளியிட்ட 2048 மூலத்தைவிடப் பிரபலமானது. அவர் அதில் பணம் பண்ண முனையவில்லை. நிரலையும் யாவர்க்கும் திறந்தே வைத்தார். அதனைப் பிரதிபண்ணிக் கடையில் போட்டவர்கள் வேறு பலர். ஒரு விளையாட்டின் யோசனையைக் காப்புரிமைச் சட்டம் பாதுகாப்பதில்லை.

இரண்டாவது, கடைக்காரரே உற்பத்தியாளராவது. ஐபோனின் விளக்கை ஒளிரச் செய்யும் சிறு செயலிகள் ஒரு காலத்தில் நன்கு ஓடின. 2013 செப்ரெம்பரில் அப்பிள் தனது இயங்குதளத்திலேயே ஒரு விளக்குப் பொத்தானை வைத்தது. அத்தோடு அந்தச் சந்தை முடிந்தது. இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. நாம் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் எமது கடைக்கு முன்னால் அதே பொருளை இலவசமாகக் கொடுப்பது போன்றது இது.

மூன்றாவது, பிறரது கிணற்றில் தண்ணீர் அள்ளுவது. ரெடிற் என்ற கலந்துரையாடல் தளத்தை வாசிக்க அப்பலோ என்ற செயலியைக் கனடாவில் இருந்து கிறிஸ்ரியன் செலிக் உருவாக்கினார். பயனாளர்களின் பெரு மதிப்பைப் பெற்ற செயலி அது. 2023இல் அத்தளம் தனது தரவுகளைப் பெற 50 மில்லியன் கோரிக்கைகளுக்கு 12,000 டொலர் என விலை வைத்தது. தனக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு கோடி டொலர் செலவாகும் எனக் கணக்கிட்ட அவர், ஜூன் 30 உடன் செயலியை மூடினார். திறமைக் குறைவால் அவர் தோற்கவில்லை. வாடிக்கையாளரும் அவரை விட்டுப் போகவில்லை.

1844இன் நெசவாளர்கள்

இந்நிலைமை புதியதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிலேசியாவின் மலைக் கிராமங்களில் வாழ்ந்த நெசவாளர்கள் தொழிற்சாலைக் கூலிகள் அல்லர். வீட்டில் தறி இருந்தது. எப்போது நெய்வது என்பதை அவர்களே தீர்மானித்தனர். ஆனால் நூலைக் கொடுப்பவரும் துணியை வாங்குபவரும் ஒரே வர்த்தகர். துணியில் குற்றம் கண்டு கூலியைக் குறைப்பவரும் அவரே. 1844 ஜூனில் பீற்றர்ஸ்வால்டாவிலும் லாங்கன்பீலாவிலும் அவர்கள் எழுந்தபோது பிரஷ்ய இராணுவம் சுட்டதில் 11 பேர் இறந்தனர். தறியின் உரிமை அவர்களைக் காப்பாற்றவில்லை.

ஒப்பீட்டுக்கு எல்லை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். செயலி எழுதுபவர் பட்டினி கிடப்பவரல்லர். கற்ற நிரலெழுத்தைக் கொண்டு அவர் ஒரு நிறுவனத்தில் வேலை தேடலாம். சிலேசிய நெசவாளருக்கு அப்படியொரு கதவு இருக்கவில்லை. ஒரு முறை எழுதிய நிரலை ஆயிரம் பேருக்கு விற்பதில் ஆயிரம் மடங்கு உழைப்பும் இல்லை. ஆயினும் அதிகாரத்தின் அமைப்பு ஒன்றே: வேலை செய்யும் நேரத்தில் சுதந்திரம், விற்கும் நேரத்தில் அடங்கிப்போதல்.

அசைந்தது எப்படி?

விதிகள் மாறாதவையல்ல. 2020 ஆகஸ்டில் எபிக் கேம்ஸ் என்ற பெரிய நிறுவனம் தனது போர்ட்நைற் விளையாட்டில் கடைகளைத் தாண்டிப் பணம் செலுத்தும் வழியைத் திறந்தது. அன்றே இரு கடைகளும் அதனை நீக்கின. தொடர்ந்த வழக்குகளில், 2023 டிசெம்பரில் அமெரிக்க ஜூரிகள் கூகிளின் கடை சட்டவிரோத ஏகபோகம் எனக் கண்டனர். அப்பிளுக்கு எதிரான குற்றச்சாட்டுகளில் பெரும்பாலானவை 2021இல் தள்ளுபடியாயின. ஆனால் வெளி வழியை வாடிக்கையாளருக்குக் காட்ட அனுமதிக்குமாறு நீதிமன்றம் கட்டளையிட்டது. அக்கட்டளையை அப்பிள் மீறியதாக 2025 ஏப்ரலில் அதே நீதிபதி தீர்ப்பளித்தார். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிற்றல் சந்தைச் சட்டம் 2024 மார்ச் முதல் அங்கு ஐபோனில் வேறு கடைகளுக்கும் இடம்விடச் செய்தது. மலிவான வேறு வழி இருப்பதை வாடிக்கையாளருக்குச் சொல்லவிடாமல் தடுத்தமைக்காக 2025 ஏப்ரலில் அப்பிளுக்கு 50 கோடி யூரோ தண்டம் விதிக்கப்பட்டது.

பெரியவர்கள் மட்டும் போராடவில்லை. அமெரிக்காவில் சிறு உருவாக்குநர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கில் 2021 ஆகஸ்டில் அப்பிள் பத்துக் கோடி டொலர் நிதிக்கு இணங்கியது. 15 வீதத் தரகும் இவ்வழக்குகளும் அரசுகளின் விசாரணைகளும் நெருக்கிய காலத்திலேயே வந்தது. தனித்தனியே மன்றாடியவர்களுக்குக் கிடைக்காதது கூட்டு நெருக்குதலுக்குக் கிடைத்தது.

எமது நிலைமையில்

அகதிகளாக இருப்போருக்குச் சில விசேட விடயங்கள் உள்ளன. தஞ்சக் கோரிக்கை இன்னும் முடிவாகாதவர் ஜேர்மனியில் அனுமதி பெற்றுச் சம்பள வேலை செய்யலாம். சுயதொழில் செய்ய முடியாது. செயலி விற்பதும் சுயதொழிலே. இலவசச் செயலியில் விளம்பரம் போட்டாலும் வருமானம் வருமானமே. அந்தஸ்துக் கிடைத்தவர்களுக்கு இத்தடை இல்லை. ஆனால் தொழிலைப் பதிவுசெய்ய வேண்டும்.

பெயரும் விலாசமும் இன்னொரு விடயம். தனிநபராகப் பதிபவரின் சட்டபூர்வமான பெயர் அப்பிளின் கடையில் விற்பனையாளராகக் காட்டப்படும். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிற்றல் சேவைச் சட்டப்படி, வியாபாரமாக விற்பவர் தொடர்பு விலாசமும் தொலைபேசி இலக்கமும் வெளியிட வேண்டும். இவ்விபரம் தராதோரின் செயலிகளை அப்பிள் 2025 பெப்ரவரியில் ஒன்றியத்திலுள்ள கடைகளிலிருந்து நீக்கத் தொடங்கியது. வாடிக்கையாளரைப் பாதுகாக்கும் நல்ல சட்டம்தான். ஆனால் தன் இருப்பிடத்தை எவரும் அறியக்கூடாது என்று வாழும் ஒருவர் இதை முதலிலேயே யோசிக்க வேண்டும். அப்பிள் தபால்பெட்டி இலக்கத்தை ஏற்றுக்கொள்கிறது.

என்ன செய்யலாம்? வேலையை விடாமல் பக்கத்தொழிலாகத் தொடங்குவது நல்லது. பிரதான வேலை இருக்கும்வரை காப்புறுதி அங்கிருந்தே வரும். வேலை ஒப்பந்தம் பக்கத்தொழில் பற்றி என்ன சொல்கிறது என்பதை முதலில் வாசிக்க வேண்டும். ஒரே கடையையோ ஒரே தளத்தின் தரவையோ நம்பி எழுதக்கூடாது. வாங்கியவரோடு கடைக்கு வெளியே நேரடித் தொடர்பு வைத்திருக்க வேண்டும். பெயர்ப்பட்டியல் வர்த்தகரிடம் மட்டும் இருந்தால் வாடிக்கையாளரும் வர்த்தகருடையவரே. விளக்குப் பொத்தான் போன்ற எல்லோருக்கும் பொதுவான பொருளைவிட, எமக்கு உள்ளிருந்து தெரிந்த ஒரு தொழிலின் அல்லது ஒரு சமூகத்தின் தேவையைத் தீர்க்கும் செயலி நிலைக்க வாய்ப்புண்டு. தொழிற்சாலையின் முறைமாற்றக் கணக்கை அலுவலகத்தில் இருப்பவரைவிட நாம் நன்கறிவோம். மூன்று நான்கு பேர் சேர்ந்து செய்தால் ஒருவர் நோயுற்றாலும் செயலி கைவிடப்படாது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை கணனியின் முன் இருப்பதால் அவர் முதலாளியாகிவிட்டார் என்று ஊருக்கு எழுத வேண்டாம். சம்பளச் சீட்டு இல்லை என்பதால் அவர் சும்மா இருக்கிறார் என்று ஏசவும் வேண்டாம். அவர் உழைக்கிறார். அந்த உழைப்பின் விலையை எவர் நிர்ணயிக்கிறார் என்பதை அவரோடு இருந்து கணக்குப் பாருங்கள்.

இத்தொழிலில் நேரடி அனுபவம் உள்ள எம்மவர் இப்பக்கங்களில் எழுத வேண்டும். என் கணக்கில் விடுபட்டவை இருப்பின் அவற்றைச் சேர்த்து, மறுப்பு இருப்பின் மறுத்து எழுதுங்கள். தொழிற்சங்கம் இல்லாத ஒரு தொழிலில் எம் பிள்ளைகள் தனித்தனியே நிற்கிறார்கள். அவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காவது இவ்விவாதம் உதவட்டும்.